மட்டைக் கூம்பும் மற்றச் சந்தேகங்களும்

கணிதம் படிப்பிக்கிற ஆளை வெண்கட்டியோடு நிற்கும்வரை ஊர் மதிக்கும். கத்தரிக்கோலும் கடதாசி மட்டையுமாகக் கண்டால் அன்றைக்கே சந்தேகப்படத் தொடங்கிவிடும்.

இதை வாசிக்கிறவர்களில் என்னைப்போல மட்டை வெட்டி, ஈர்க்குக் கட்டி, விரல் நுனியில் காய்ந்த பசையைச் சோறு தின்னும்போதும் உரித்துக்கொண்டிருக்கிற ஆசிரியர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வடமராட்சியில் ஒரு சின்னப் பாடசாலையில் தரம் பத்துக்கும் பதினொன்றுக்கும் கணிதம் எடுக்கிறேன். புத்தகத்தில் திண்மங்களைக் கோட்டுப் படமாகப் போட்டிருப்பார்கள். முன்பக்கத்து விளிம்புக்கு முழுக்கோடு, பின்பக்கத்துக்குப் புள்ளிக்கோடு. என் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தப் புள்ளிக்கோட்டை அச்சுப்பிழை என்று நினைத்திருந்தார்கள். அதனால் கூம்பு, உருளை, அரியம், கூம்பகம் என்று எல்லாவற்றையும் கையால் செய்து, அவர்கள் கையில் கொடுத்துப் படிப்பிக்கத் தொடங்கினேன். நான் செய்தது அவ்வளவுதான். பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் நினைத்தது.

எந்தப் போராட்டத்துக்கு?

முதல் சந்தேகம் நெல்லியடியில் கொப்பி, பேனை விற்கிற கடையிலேயே ஆரம்பித்துவிட்டது. தடித்த மட்டை ஒரு கட்டு வேணும் என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு றோட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தடியும் சேத்துத் தரட்டோ?" என்றார்.

"தடி என்னத்துக்கு?"

"பிடிக்கிறதுக்குத்தான்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "கச்சேரியடியிலையோ, வலயக் கல்விக் கந்தோருக்கு முன்னாலையோ?" என்று அவர் கேட்டபிறகுதான், ஆசிரியர்கள் பதாகை பிடிக்கப் போகிறோம் என்று மனிதர் முடிவுகட்டிவிட்டது தெரிந்தது. "பத்தாம் வகுப்புக்கு முன்னாலை. கூம்பகம் செய்யப்போறன்" என்று உள்ளதைச் சொன்னேன். பெரிய இரகசியம் ஒன்றை ஒளிக்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே மட்டையைச் சுருட்டிக் கட்டினார். காசு கொடுத்துவிட்டுப் படியால் இறங்கியபோது பின்னாலிருந்து சொன்னார்: "ரீச்சர், மஞ்சள் மட்டையை எடுத்து வைச்சிட்டு வெள்ளையாய்க் கட்டியிருக்கிறன். சிவப்பு எழுத்துக்கு வெள்ளைதான் தூரத்துக்குத் தெரியும்."

இருபது முகம்

மட்டையில் செய்வது பிள்ளைகளின் கையில் நசிந்துபோகிறது என்று, ஒருமுறை பழைய சைக்கிள் சில்லுக் கம்பிகளை அளவாக வெட்டி, மூலைகளைச் செப்புக் கம்பியால் முடிந்து ஓர் இருபதுமுகி செய்தேன். முப்பது விளிம்பும் ஒரே அளவு. அதை ஒரு கறுத்தப் பைக்குள் வைத்து மினிபஸ்ஸில் ஏறினேன். சனம் நெருக்கம். பையைப் பின்னால் ஒரு சீற்றுக்கடியில் தள்ளிவிட்டு, தள்ளுப்பட்டுத் தள்ளுப்பட்டு முன்னுக்கு வந்து நின்றேன். பாட்டுச் சத்தத்தில் பின்னால் என்ன கதைக்கிறார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

கொஞ்சத் தூரம் போனதும் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். "என்னவாம்?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். "பின்னுக்கு ஒரு பையாம். ஆரின்ரையெண்டு தெரியாதாம். உள்ளுக்கை வயர் முடிச்சு முடிச்சாய் இருக்காம்" என்றார். இந்த மண்ணில் அப்படி ஒரு வசனத்தைக் கேட்டால் கால் தானாகப் பின்னுக்குப் போகும். நானும் எல்லாரோடும் சேர்ந்து பின்னுக்குப் போனேன். வேலியோடு முதுகு முட்டியபிறகுதான் அது என் பை என்று மூளைக்கு எட்டியது.

நான் கையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தபோது ஒருவரும் என்னை ஆசிரியை என்று நம்பவில்லை. பையைத் திறந்து, இருபதுமுகியை வெளியில் எடுத்து, எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினேன். நடத்துநர் மூன்றடி தள்ளி நின்று, "உது என்ன சாமான்?" என்றார். "இருபதுமுகி. இருபது முகம் இருக்கு. பிள்ளையளுக்குப் படிப்பிக்க" என்றேன். சனம் மூச்சுவிட்டது. சிலர் சிரித்தார்கள், சிலர் முறைத்தார்கள். சந்தைக் கூடையோடு நின்ற ஒரு அம்மா மட்டும் கிட்ட வந்து, கம்பிகளை நன்றாக உற்றுப்பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆறுமுகம் தெரியும், பிள்ளை. உது எந்தக் கோயில்?"

மணல் விளையாட்டு

எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த அதிபர் கணக்கியல் படித்தவர். கணக்குப் பிழைத்தால் அவருக்குக் கோபம் வரும். ஒரே தடவையில் சரியாக வந்தால் சந்தேகம் வரும். அவர் வந்த தவணையில்தான் நான் கூம்பின் கனவளவு எடுத்தேன். ஒரே அடி, ஒரே உயரமாக ஒரு கூம்பும் ஒரு உருளையும் செய்து, ஒரு வாளியில் மணலும் கொண்டுபோயிருந்தேன். கூம்பை நிரப்பி உருளைக்குள் கொட்டினால் மூன்று தரத்தில் உருளை நிரம்பும். மூன்றில் ஒன்று என்பதைப் பிள்ளை பாடமாக்கத் தேவையில்லை, கண்ணால் காணலாம்.

இரண்டாவது கூம்பைக் கொட்டும்போது யன்னலில் ஒரு நிழல். அதிபர். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. உள்ளே வந்தார். "உந்த மணல் எங்கை அள்ளினது?" என்று முதலில் கேட்டார். வீட்டு வாசலில் என்றேன். "பாடம் நடக்குதோ, விளையாட்டு நடக்குதோ?" என்று அடுத்ததாகக் கேட்டார். பாடம் என்றேன். உருளைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கூம்பை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, நுனியில் ஓட்டை கீட்டை இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். உருளையில் இருந்த மணலை வாளிக்குள் கவிழ்த்துவிட்டு, சேட்டுக் கையை மடித்துவிட்டு, முதலிலிருந்து தானே நிரப்பத் தொடங்கினார்.

வகுப்பில் ஒரு சத்தமில்லை. என் பிள்ளைகள் என்றைக்கும் என் பாடத்தை அப்படிக் கவனித்ததில்லை. ஒன்று. இரண்டு. மூன்றாவதைக் கொட்டி, என் அடிமட்டத்தை வாங்கி மேலே மட்டம் தட்டினார். விளிம்போடு விளிம்பாக நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் முகம் இன்னும் இறுகியது. கையைத் தட்டிவிட்டு, எத்தனையோ வருடமாக ஒரு மாணவராவது கேட்கமாட்டாரா என்று நான் காத்திருந்த கேள்வியை அவர் கேட்டார்: "சரி ரீச்சர், உங்கடை கூம்புக்கு வந்திட்டுது. எல்லாக் கூம்புக்கும் உப்பிடித்தான் வருமெண்டு என்ன நிச்சயம்?"

மதிலில் காய்ந்தது

தரம் பத்தில் கஜன் என்று ஒரு பெடியன். வீட்டில் செய்துவரும் ஒப்படையாக ஒரு சதுரக் கூம்பகம் செய்யச் சொன்னேன். கஜன் கலைஞன். அடிக்குக் கறுப்பு, முகங்களுக்குச் சிவப்பு, விளிம்புக்கு மஞ்சள் பூசி, கனவளவு அளக்க என்று உள்ளே பச்சை அரிசியும் நிரப்பி, பெயின்ற் காயட்டும் என்று வீட்டு எல்லை மதிலில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டான்.

விடிய எழும்பிய தகப்பன் கண்டது: எல்லை மதிலில், கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாய், கூராய் ஒரு சாமான். தடியால் தட்டினார். விழுந்து பிளந்து அரிசி கொட்டியது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த மதிலைக் கட்டியபோதே பக்கத்து வீட்டோடு அவர்களுக்குக் கொழுவல். கஜன் முகம் கழுவிவிட்டு வருவதற்கிடையில், தகப்பன் மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டாரின் பரம்பரை முழுவதையும் இழுத்துவிட்டார். அவர்கள் பொலிசுக்குப் போகப்போகிறோம் என்று நின்றார்கள். கஜனுக்கு வாய் திறக்கப் பயம். பாடசாலைக்கு வந்து, இடைவேளையில் என்னிடம், "ரீச்சர், என்ரை ஒப்படையை ஐயா கற்பூரம் போட்டுக் கொளுத்திப்போட்டார்" என்றான்.

பின்னேரம் நானே போனேன். இரண்டு வீட்டாரையும் ஒரே முற்றத்தில் நிறுத்துவதுதான் பெரும்பாடு. பக்கத்து வீட்டு அம்மா, நானும் அவர்களுடைய கட்சிதான் என்ற பார்வையோடு, படலையைத் தாண்டி வரமாட்டேன் என்று நின்றார். நான் நிலத்தில் குந்தி, மட்டையில் ஒரு சதுரமும் நாலு முக்கோணமும் கீறி, வெட்டி, எல்லாருக்கும் தெரிய மடித்து நிமிர்த்தினேன். அதே சாமான். கஜன் அப்போதுதான் அழுதுகொண்டே, "நான்தான் வைச்சனான் ஐயா" என்றான். அந்த அம்மா சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தகப்பன் கூம்பகத்தைக் கையில் வாங்கவில்லை. எட்ட நின்றே சொன்னார்: "சூனியமெண்டபடியால்தான் ரீச்சர் கிட்டப்போய்த் தட்டினனான், கணக்கெண்டு தெரிஞ்சிருந்தால் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டன்."

அலுமாரிக்குள் யார்?

இதுவரை மற்றவர்கள் என்னைச் சந்தேகப்பட்டார்கள். இனி நான் சந்தேகப்பட்ட கதை.

மாதிரிகளை வைக்க எனக்கு ஒரு அலுமாரி தந்திருந்தார்கள். திறப்பு ஒன்று என்னிடம். மற்றது சிவநேசன் மாஸ்ரரிடம். அவர் எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறவர். பின்னேரங்களில் நெல்லியடியில் ரியூசனும் வைக்கிறவர். முதலில் முக்கோண அரியத்தைக் காணவில்லை. தேடித் தேடிக் களைத்தபோது அது திரும்பி வந்து பழைய இடத்தில் இருந்தது. பிறகு எண்முகி போனது. அதுவும் வந்தது. பிறகு கூம்பகம். போன சாமான் போனால் கவலை. போன சாமான் திரும்பி வந்தால் அது சதி. என் எண்முகி நெல்லியடி ரியூசன் கொட்டிலில் மேசைமேல் இருப்பதை நான் மனக்கண்ணால் கண்டேன். மாஸ்ரரின் மோட்டார் சைக்கிளில் தொங்கிய பையை, அது எத்தனை முகம் உள்ள பை என்று கண்ணால் அளந்தேன்.

ஒரு நாள் பொறி வைத்தேன். அலுமாரித் தட்டு முழுக்க வெண்கட்டித் தூளைத் தூவிவிட்டுப் பூட்டினேன். அடுத்தநாள் காலை ஆசிரியர் அறையில் மாஸ்ரரின் சேட்டுக் கையைப் பார்த்தேன். வெள்ளைத் தூள்! மெல்லத் திரும்பிப் பார்த்தால் சமய பாட ஆசிரியையின் சேலையில் தூள். விஞ்ஞான ஆசிரியரின் மூக்கில் தூள். என் கையிலும் தூள். பாடசாலையில் வைக்கக்கூடாத பொறியை வைத்திருக்கிறேன்.

நான் பார்த்த பார்வையை மாஸ்ரர் கண்டுவிட்டார். அவருக்கு என்மேல் ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது: அவரிடமிருக்கிற திறப்பைப் பறிக்க, நானே மாதிரிகளை ஒளித்துவைத்து நாடகம் போடுகிறேனாம். தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "ரீச்சர், நான் களவெடுக்கிறதெண்டால் உந்த மட்டையளையோ எடுப்பன்? உங்கடை வினாத்தாளையெல்லோ எடுப்பன்!"

ஒரே ஒரு பகுதிக்கு முழுப் புள்ளி

அந்தத் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தும்போது யதுசாவின் தாள் வந்தது. யதுசா கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை, தகப்பன் கடற்றொழில். முன்வாங்கில் இருப்பாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் கதைக்கமாட்டாள். அவளுடைய தாளில் வரைபு, வட்டத் தேற்றம், அட்டவணை எல்லாம் ஏறக்குறைய வெறுமை. திண்மங்கள் என்ற பகுதி மட்டும் முழுச் சரி. அந்தப் பகுதியில் மற்ற எல்லாரும் இடறியிருந்தார்கள்.

உங்களுக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. பார்த்து எழுதியிருக்கிறாள். அன்றைக்கு மேற்பார்வைக்கு நின்றவர் சிவநேசன் மாஸ்ரர். அலுமாரிக் கதைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுக் குறைவு. இருந்தாலும் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் என்னிடமிருந்து விடைத்தாள் கட்டு முழுவதையும் வாங்கி, யதுசாவுக்கு இடப்பக்கம் இருந்த பிள்ளையின் தாளையும் வலப்பக்கத்துப் பிள்ளையின் தாளையும் உருவி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு பிள்ளைகளும் அந்தப் பகுதியில் முழுப் பிழை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாஸ்ரர் சொன்னார்: "பாத்து எழுதின பிள்ளைக்குச் சரியும், பாக்கவிட்ட பிள்ளையளுக்குப் பிழையும் வந்ததை நான் என்ரை சேவிசிலை காணேல்லை, ரீச்சர்."

பலகையில் எழுதியிருந்தது

மாஸ்ரர் சொன்னது சரி. ஆனாலும் எனக்கு அடங்கவில்லை. பாடசாலை விட்டபிறகு யதுசாவை மட்டும் வகுப்பில் இருக்கச் சொன்னேன். அவள் கண்டே இராத ஒரு அறுகோண அரியத்தை முதல்நாள் வீட்டில் செய்து வைத்திருந்தேன். அதை அவள் கையில் கொடுத்து, விளிம்பு எத்தனை என்று கேட்டேன். அவள் அதைப் பார்க்கவில்லை. முகம் யன்னல் பக்கம் இருந்தது. விரல் மட்டும் மேல் அறுகோணத்தைச் சுற்றியது, ஒரு விளிம்பால் இறங்கியது, கீழ் அறுகோணத்தைச் சுற்றியது. "பதினெட்டு" என்றாள். உச்சி? "பன்னிரண்டு." முகம்? "எட்டு." எல்லாம் சரி.

எழும்பிப்போய்ப் பலகையில் பெரிய எழுத்தில், "யதுசாவுக்கு நாளைக்கு லீவு" என்று எழுதினேன். "பிள்ளை, உதை ஒருக்கால் வாசி" என்றேன். அவள் பலகையைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். பிறகு, நல்ல பிள்ளைக்குரிய குரலில், "திண்மங்கள், ரீச்சர்" என்றாள். அந்தத் தவணை முழுக்க நான் பலகையின் உச்சியில் எழுதிவந்த தலைப்பு அதுதான்.

பலகையில் இருந்ததை நான் மெல்ல வாசித்துக் காட்டினேன். அவளுக்கு விளங்கிவிட்டது. புத்தகப் பையைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே என் கூம்பகம். பாடம் முடிந்து பிள்ளைகள் மாதிரிகளை அலுமாரியில் அடுக்கும்போது ஒன்றை எடுத்துக்கொள்வாளாம். வீட்டில் தடவித் தடவிப் பாடமாக்கியபின் அதே மாதிரித் திருப்பி வைத்துவிடுவாளாம். நான் எண்ணிப்பார்க்காமல்தான் பூட்டியிருக்கிறேன். பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "களவெடுக்கேல்லை ரீச்சர். புத்தகத்திலை இருக்கிற படம் எனக்கு ரெண்டு ரெண்டாய்த் தெரியுது. உங்கடையைத் தடவினால் ஒண்டாய் இருக்குது."

கணக்குப் போட்டி

அவள் வீட்டுக்குப் போனேன். தாய் முற்றத்தில் வலையிலிருந்து பாசி பிடுங்கிக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துப் போட்டார். ஆனால் கண் என் கைப்பையிலேயே இருந்தது. "படிப்பை நிப்பாட்டச் சொல்லவோ வந்தனீங்கள்?" என்றார். இல்லை, கண் பார்க்க வேண்டும் என்றேன். அவருக்கு முழுக்கத் தெரியாமல் இல்லை. கடையில் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறார், சரிவரவில்லை. பிள்ளை படிக்கப் பஞ்சிப்பட்டுப் பொய் சொல்கிறாள் என்று ஏசியிருக்கிறார். பிறகு அது பொய்யில்லை என்று பயம் வந்து, அந்தக் கதையையே வீட்டில் எடுக்காமல் விட்டிருக்கிறார். "கண் தெரியாத பெட்டையெண்டு ஒருக்கால் பேர் வந்தால் பிறகு எந்த வைத்தியரும் அதை மாத்த ஏலாது, ரீச்சர்" என்றார்.

தகப்பன் அந்த நேரம்தான் கரையால் வந்தார். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். பிறகு மகளைப் பார்த்து, "கடலிலை எனக்குத் தூரத்து வெளிச்சம் ரெண்டாய்த் தெரிஞ்சால் நான் அடுத்தநாள் இறங்கமாட்டன். நீ எத்தனை நாளாய்ப் பேசாமல் போய் வாறாய்?" என்றார். கோபமில்லை அந்தக் குரலில். யதுசா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாய் வலையை விட்டு எழும்பி, கையைப் பாவாடையில் துடைத்தார். படலை வரைக்கும் என்னோடு வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கூட்டிக்கொண்டு போவம் ரீச்சர். ஆனால் ஊரிலை ஆரும் கேட்டால், கணக்குப் போட்டிக்குப் போறதெண்டு சொல்லுங்கோ."

செங்கூம்போ, சாய்கூம்போ?

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கண் பகுதி. தாயும் மகளும் நானும் வாங்கில் இருந்தோம். கனநேரம் காத்திருந்தபின் யதுசாவை உள்ளே எடுத்தார்கள்; நாங்கள் திறந்த கதவடியில் நின்றோம். டொக்டர் சின்ன வயசுப் பெண்பிள்ளை. கருவிக்குள் கனநேரம் பார்த்தா. எழும்பினா, வேறொரு டொக்டரைக் கூட்டிவந்தா, அவரும் பார்த்தார். இப்படி இரண்டாவது ஆள் வந்து பார்க்கிறபோது வெளியில் இருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாய் என் கையை இறுக்கிப் பிடித்தார். அன்றைக்குத்தான் அவர் என்னை முதன்முதலாக நம்பியிருக்க வேண்டும். அல்லது பிடிக்க வேறு கை இருக்கவில்லை.

டொக்டர் எங்களைக் கூப்பிட்டு, நோயின் ஆங்கிலப் பேரைச் சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழில் தொடங்கினா. கண்ணின் முன்பக்கத்தில் இருக்கிற கண்ணாடி மாதிரியான படலம் பந்துபோல உருண்டையாய் இருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு அது மெலிந்து, முன்னுக்குத் தள்ளி, கூம்பு மாதிரி வருகிறது. இந்த வயசில் சிலருக்கு அப்படி வரும். விட்டால் கூடும். இப்போதே பிடித்தபடியால் கூடாமல் நிறுத்தச் சிகிச்சை இருக்கிறது; கொழும்புக்கு அனுப்புவோம்; பிறகு கண்ணுக்குள் போடுகிற வில்லை ஒன்று கொடுத்தால் வடிவாகத் தெரியும்.

யதுசா, "செங்கூம்போ, சாய்கூம்போ டொக்டர்?" என்று கேட்டாள். டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தா. "கொஞ்சம் சாய்வுதான், பிள்ளை" என்றா. தாய் மட்டும் சிரிக்கவில்லை. என் கையை விட்டார். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, டொக்டரிடம் கேட்டார்: "எந்த நேரமும் இவவின்ரை கூம்பைத் தடவித் தடவித்தான் கண்ணும் கூம்பாய்ப் போச்சுதோ, டொக்டர்?"

கண் தெரிந்த நாள்

கொழும்புக்குப் போனார்கள், வந்தார்கள், திரும்பப் போனார்கள். ஊரில் அது பெரிய கணக்குப் போட்டிதான். சுற்றுச் சுற்றாக நடந்தது. அடுத்த தவணை நடுவில் ஒரு காலை யதுசா வகுப்புக்குள் வந்தாள். வாசலில் நின்று பலகையைப் பார்த்தாள். மேலே நான் எழுதியிருந்ததை அங்கிருந்தே, சத்தமாக, ஒரு சொல் விடாமல் வாசித்தாள்: "நிகழ்தகவு. கொப்பி கொண்டுவராதவர்கள் எழும்பி நிற்கவும்." கொப்பி கொண்டுவராத மூன்று பேர் எழும்பி நின்றார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் ஏதோ தேடுவதுபோல் மேசை லாச்சியைத் திறந்து, அதற்குள்ளேயே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாடம் முடிந்ததும் அவள் அலுமாரிக்குப் போனாள். இந்தமுறை என்னைக் கேட்டுவிட்டுத் திறந்தாள். எண்முகியை எடுத்தாள். தடவவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அரியத்தை எடுத்துப் பார்த்தாள். கூம்பைப் பார்த்தாள். சிவநேசன் மாஸ்ரரும் வாசலில் வந்து நின்றார். பிள்ளை என்ன சொல்லப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கூம்பின் மூட்டில் வழிந்து காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு மிகுந்த கவலையோடு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "என்ன ரீச்சர் இது, உங்கடை ஒட்டெல்லாம் இவ்வளவு அலங்கோலமோ? நான் வலு வடிவாய்ச் செய்திருக்கிறியளெண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சனான்!"

ஆக, என் கைவேலையில் துளியும் சந்தேகப்படாத ஒரே ஒரு ஆள் இந்த வடமராட்சியில் இருந்தாள், அவளையும் நானே கூட்டிக்கொண்டுபோய்க் கண்ணைத் திறப்பித்துவிட்டேன்.